ஸ்கேனர்: வருடியா, அலகிடு கருவியா?

ஜெராக்ஸ் கடையில் ‘ஸ்கேன் பண்ணிக் கொடுங்க’ என்றால் ஒரு பொருள். ஆஸ்பத்திரியில் ‘ஸ்கேன் எடுத்தாச்சா?’ என்றால் வேறு பொருள். மளிகைக் கடைக்காரர் ‘ஸ்கேன் பண்ணுங்க’ என்றால் பணம் கட்டச் சொல்கிறார். இங்கே பேசப்போவது முதலாவதை: கண்ணாடியின் மேல் போட்டோவைக் கவிழ்த்து வைத்து, மூடியை மூடி, படத்தைக் கணினிக்குள் கொண்டுவரும் கருவி. கலைச்சொல் பட்டியல்களில் அதற்கு ‘வருடி’ என்று பெயர்.

மூலச் சொல்லின் கதை சுவையானது. லத்தீனில் ‘ஸ்காந்தெரே’ என்றால் ஏறுதல். செய்யுளின் ஓசை ஏறி இறங்குவதை அளப்பதற்கும் அதே சொல் வழங்கியது. 14ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்கு வந்தபோது ‘ஸ்கேன்’ என்றால் செய்யுளைச் சீர் பிரித்துப் பார்ப்பதுதான். 16ஆம் நூற்றாண்டில் எதையும் கூர்ந்து ஆராய்வது என்று பொருள் விரிந்தது. 1920களில் தொலைக்காட்சி உருவானபோது, படத்தை வரிவரியாகப் படிப்பதற்கு இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். இடையில், மேலோட்டமாகக் கண்ணை ஓட்டுவதற்கும் அதையே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அப்படியே நேரெதிர்ப் பொருள்!

அந்த முதல் பொருளுக்கு நம்மிடம் பழைய சொல்லே உண்டு: அலகிடுதல். சொல்லை நேர், நிரை என்று அசை பிரித்து வாய்பாடு சொல்வது. ‘வருடி’யையே அலகிட்டால் ‘வரு’ நிரை, ‘டி’ நேர், ஆக, புளிமா. வேர்ப்பொருளை வைத்துப் பார்த்தால் ஸ்கேனருக்கு ‘அலகிடு கருவி’ என்பதுதான் சரியான இணை. அப்படி எழுதியவர்களும் உண்டு. ஆனால் யாப்பு படித்தவருக்கு மட்டுமே அது விளங்கும்.

‘வருடி’ மூலத்தைப் பார்க்கவில்லை, செயலைப் பார்த்தது. வருடுதல் என்றால் மெல்லத் தடவுதல். கண்ணாடிக்கு அடியில் ஒளிப்பட்டை ஒன்று ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நகர்கிறது. ஒவ்வொரு நகர்விலும் ஒரு வரி வெளிச்சத்தை உணரி (சென்சார்) படித்துக்கொள்கிறது. படத்தைத் தடவிக்கொண்டு போவது போலத்தான் இருக்கும். ‘அடிவருடி’ என்ற வசவு நினைவுக்கு வருகிறதே என்று சிலர் முகம் சுளிப்பதுண்டு. அதற்குக் கருவி என்ன செய்யும்!

அமெரிக்கத் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் ரஸ்ஸல் கிர்ஷ் என்ற பொறியாளர் 1957இல் ஸ்கேன் செய்த முதல் போட்டோ, மூன்று மாதக் கைக்குழந்தையான அவர் மகனுடையது. அது தட்டையாக வைத்துச் செய்ததல்ல. சுழலும் உருளையில் சுற்றிச் செய்தது. நீளத்தில் 176, அகலத்தில் 176, மொத்தம் 30,976 புள்ளிகள். இன்று 4×6 அங்குல போட்டோவை அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் வருடினாலே 21.6 லட்சம் புள்ளிகள் வந்துவிடும். இந்த வகைப் பிரிப்புக்கும் தமிழ் தடையில்லை: உருளை வருடி, தட்டை வருடி. ‘சமதள வருடி’ என்றும் எழுதுகிறார்கள். எனக்குத் தட்டையே போதும்.

வருடியதோடு வேலை முடிவதில்லை. ஓரம் வெட்டி, தூசிப் புள்ளி நீக்கி, மங்கிய நிறத்தை மீட்க, படத் திருத்த மென்பொருள் வேண்டும். இரண்டும் கூடப்பிறந்தவை என்றே சொல்லலாம்: போட்டோஷாப்பை அடோபி 1990இல் வெளியிடுவதற்கு முன்பே, பார்னிஸ்கேன் என்ற ஸ்லைடு ஸ்கேனரோடு அது வேறு பெயரில் விற்பனைக்குப் போனது.

வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. ‘படத்தை வருடி அனுப்பு’ என்பதில் ‘வருடி’ பெயரா, வினையெச்சமா என்று ஒரு நொடி தடுமாறும். கருவியைச் சொல்லும்போது ‘பட வருடி’ என்றால் குழப்பம் தீரும். வினைக்கு ‘போட்டோவை வருடினேன்’ என்பதைவிட ‘வருடி எடுத்தேன்’ என்பது இயல்பாக விழுகிறது. முன்னது போட்டோவைக் கொஞ்சியது போல ஆகிவிடும். நூல்களை மின்னாக்கம் செய்பவர்கள் ‘மின்வருடல்’ என்கிறார்கள், அதுவும் நல்ல சொல்.

வயிற்றின் மேல் கருவியைத் தடவிப் பார்க்கும் மருத்துவ ஸ்கேனுக்கும் வருடல் பொருந்தும். மளிகைக் கடை ஸ்கேனுக்குப் பொருந்தாது. அங்கே போனைக் காட்டுகிறோம், அவ்வளவுதான்.