ரீச் பதிவுக்கு ஆவி அழுத்தம்: எப்போது அளக்க வேண்டும், அளவீடு எங்கே பிசகும்

ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு ரசாயனத்தை ஆண்டுக்கு 1 டன்னோ அதற்கு மேலோ தயாரித்தாலும் இறக்குமதி செய்தாலும், ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமையிடம் அதைப் பதிய வேண்டும். ரீச் என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 2006-ஆம் ஆண்டின் 1907-ஆம் எண் ஒழுங்குமுறை இதைக் கட்டாயமாக்குகிறது. இங்கிருந்து சாயமோ மணப்பொருளோ அனுப்பும் தயாரிப்பாளர் நேரடியாகப் பதிய முடியாது. 8-ஆம் பிரிவின்படி ஒன்றியத்துக்குள் ஒரு பிரதிநிதியை அமர்த்தலாம். இல்லையென்றால் அங்கே வாங்குபவர் இறக்குமதியாளராகப் பதிவார். முழுப் பதிவில் கேட்கப்படும் அடிப்படை விவரங்களில் ஒன்று, இணைப்பு 7-இன் 7.5-ஆம் இனத்தில் வரும் ஆவி அழுத்தம்: மூடிய கலத்தில் ஒரு பொருளின் ஆவி தரும் அழுத்தம்; அது எவ்வளவு எளிதில் ஆவியாகும் என்பதை இது காட்டும்.

படிவத்தில் ஒரே ஒரு எண்தான். ஆனால் அந்தப் பொருளோடு வேலை செய்பவரின் மூச்சில் எவ்வளவு போகும் என்ற கணக்கு அதிலிருந்துதான் தொடங்குகிறது. தொழிலாளர் பாதிப்பை முதற்கட்டமாக மதிப்பிடப் பரவலாகப் பயன்படும் எசிடாக் கருவி, திரவங்களை முக்கியமாக மூன்று படிகளாகப் பிரிக்கிறது: 500 பாஸ்கலுக்கு (அழுத்தத்தின் அலகு) கீழ் குறைவு, 500 முதல் 10,000 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம். படி மாறினால் காற்றோட்டம், முகக்கவசம், வேலை நேரம் எல்லாமே மாறும். கரிமப் பொருளாக இருந்து, 20 டிகிரி செல்சியஸில் 10 பாஸ்கலோ அதற்கு மேலோ காட்டினால், தொழிற்சாலை உமிழ்வு விதிகளில் அது எளிதில் ஆவியாகும் சேர்மம் ஆகிவிடும்.

முதலில் அளக்கத்தான் வேண்டுமா என்று பாருங்கள். உருகுநிலை 300 டிகிரிக்கு மேல் இருந்தால் சோதனை தேவையில்லை. 200-க்கும் 300-க்கும் இடையில் இருந்தால், ‘இந்த அளவுக்கு மேல் போகாது’ என்னும் எல்லை மதிப்பு போதும். அதை அளந்தும் தரலாம், ஏற்கப்பட்ட கணக்கீட்டு முறையிலும் தரலாம். ஆகவே உருகுநிலை அறிக்கை கையில் வருவதற்கு முன் ஆவி அழுத்தச் சோதனைக்குப் பணம் கட்டாதீர்கள். அதே பொருளை வேறொருவர் ஏற்கெனவே பதிந்திருந்தால், அவரது ஆய்வைப் பயன்படுத்தும் உரிமையை விலைக்கு வாங்கலாம். இன்னொன்று: ஜிஎல்பி எனப்படும் நல்ல ஆய்வக நடைமுறைத் தரத்தை ரீச்சின் 13-ஆம் பிரிவு நச்சியல், சூழல் நச்சியல் சோதனைகளுக்குத்தான் கட்டாயமாக்குகிறது. ஆவி அழுத்தம் போன்ற இயற்பியல்-வேதிப் பண்புகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. விலைப்பட்டியல் கேட்கும்போதே இதைப் பேசிவிடுங்கள்.

அளக்க வேண்டும் என்றானால் வழிகாட்டி ஓஇசிடி 104, அதாவது பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் 104-ஆம் சோதனை வழிகாட்டி. ஐரோப்பிய முறைத் தொகுப்பில் அதற்கு ஏ.4 என்று பெயர். அதில் பல முறைகள் இருப்பதற்குக் காரணம், எந்த ஒரு கருவியாலும் முழு வீச்சையும் அளக்க முடியாது என்பதே. கொதிநிலையை வெவ்வேறு அழுத்தங்களில் பார்க்கும் இயங்கு முறை 1,000 முதல் 1,00,000 பாஸ்கல் வரைக்கும் சரி. மூடிய கலத்தின் அழுத்தத்தை நேரடியாகப் படிக்கும் நிலை முறை 10 பாஸ்கல் வரை இறங்கும்; நல்ல அழுத்தமானி இருந்தால் அதற்கும் கீழே போகும். மிகக் குறைவாக ஆவியாகும் திடப்பொருளுக்கு, வெற்றிடத்தில் நுண்துளை வழியே ஆவி கசிவதை எடைபோடும் முறையோ வாயு நிறைவு முறையோதான் கைகொடுக்கும். எந்த முறை என்று தெரிய, முதலில் கணினிக் கணக்கீட்டால் ஒரு தோராய மதிப்பு எடுத்துக்கொள்ள வேண்டும்.

வாயு நிறைவு முறையில் பொருளின் மேல் நைட்ரஜனை மெதுவாக ஓட்டி, அது அள்ளிக்கொண்டு போகும் ஆவியைப் பிடித்து அளக்கிறார்கள். மூலக்கூறு எடை 122, ஆவி அழுத்தம் 25 டிகிரியில் 0.1 பாஸ்கல் என்று வைத்துக்கொள்வோம். 100 லிட்டர் நைட்ரஜன் போனால் பிடிபடுவது சுமார் அரை மில்லிகிராம். நிமிடத்துக்கு 100 மில்லிலிட்டர் வேகத்தில் ஓட்டினால் அதற்கு 1,000 நிமிடம், அதாவது ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அவசரப்பட்டு வேகத்தைக் கூட்டினால் நைட்ரஜன் ஆவியால் நிறையாமலே வெளியேறும், மதிப்பு குறைவாக வரும். வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டியும் மதிப்பு மாறாமல் நிற்கிறதா என்று ஆய்வகத்திடம் கேளுங்கள். நிற்கவில்லை என்றால் அந்த எண்ணை நம்ப முடியாது.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் மாதிரியின் தூய்மைதான். தயாரிப்பில் தங்கிய கரைப்பான் ஒரு விழுக்காடு இருந்தாலே போதும், நிலை முறையில் கருவி காட்டுவது கரைப்பானின் அழுத்தமாக இருக்கும், பொருளுடையதாக இருக்காது. கரைந்த காற்றும் இதே வேலையைச் செய்யும். உறையவைத்து, வெற்றிடத்தில் இழுத்து, உருகவைத்து, மீண்டும் உறையவைத்து என்று சில சுற்று காற்றகற்றிய பிறகே அளக்க வேண்டும். நுண்துளை முறையில் முதல் சில ஓட்டங்களில் எடை வேகமாகக் குறையும். அது மாசு வெளியேறுவது. அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று படியும் வரை பொறுக்க வேண்டும். வரும் மாதிரியின் தூய்மைச் சான்றில் எஞ்சிய கரைப்பானும் ஈரமும் எவ்வளவு என்று தனித்தனியாக இருக்கட்டும்.

அளவீடு குறைந்தது இரண்டு வெப்பநிலைகளில் வேண்டும். மூன்றோ அதற்கு மேலோ இருப்பது நல்லது. இரண்டு புள்ளிகள் என்றால் எப்படியும் ஒரு நேர்கோடு கிடைத்துவிடும், தவறு தெரியாது. அழுத்தத்தின் மடக்கையை (log), கெல்வின் வெப்பநிலையின் தலைகீழிக்கு (1/T) எதிராக வரைந்தால், மூன்றாவது புள்ளிதான் கோடு வளைகிறதா என்று காட்டும். 80 டிகிரியில் உருகும் பொருளை 90, 100, 110 டிகிரிகளில் அளந்து, அந்தக் கோட்டை அப்படியே 25 வரை இழுப்பது அடிக்கடி நடக்கும் பிழை. திடநிலையில் கோட்டின் சரிவு வேறு. இப்படி இழுத்தால் மதிப்பு கூடுதலாக வரும்.

கடைசியில் அலகு. பழைய கையேடுகள் பாதரச மில்லிமீட்டரில் சொல்லும். 1 மில்லிமீட்டர் என்பது 133.3 பாஸ்கல். 5 மில்லிமீட்டர் என்று இருப்பதை 5 பாஸ்கல் என்று பதிந்துவிட்டால், உண்மையில் 667 பாஸ்கல் கொண்ட நடுத்தரப் பொருள் குறைவுப் படியில் போய் உட்காரும். தொட்டி 60 டிகிரியில் ஓடுகிறது என்றால், படியை 60 டிகிரி மதிப்பை வைத்தே எடுக்க வேண்டும். அறிக்கையில் 20 அல்லது 25 டிகிரி மதிப்போடு, அளந்த ஒவ்வொரு புள்ளியும் கோட்டின் சமன்பாடும் இருந்தால்தான் அந்த 60 டிகிரி மதிப்பைக் கணக்கிட முடியும். ஒப்பந்தத்திலேயே அவற்றை எழுதி வாங்குங்கள்.