டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மருத்துவரைப் பாருங்கள்

தொலைதூர வெப்பமண்டல நாட்டுக்குக் குடும்பத்தோடு சுற்றுலா போகிறவர்கள் பயண மருத்துவரிடம் வரும்போது, பெரும்பாலும் எல்லாம் முடிவாகியிருக்கும். டிக்கெட் எடுத்தாயிற்று, விடுதிக்கு முன்பணம் கட்டியாயிற்று, சஃபாரி வண்டியும் பேசியாயிற்று. கிளம்ப ஒரு வாரம் இருக்கும்போது, "டாக்டர், ஏதாவது ஊசி போட்டுக்கணுமா?" என்று கேட்பார்கள். பயண மருத்துவம் பார்க்கிற நான் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அவர்கள் அலட்சியமானவர்கள் இல்லை. குழந்தையின் பொம்மை வரைக்கும் யோசித்து எடுத்துவைத்திருப்பார்கள். வேலைகளின் வரிசைதான் தலைகீழாகிவிடுகிறது. எந்த நாட்டுக்குப் போகலாம், எந்த வழியாகப் போகலாம், யார் யார் போகலாம் என்பதையே மருத்துவ ஆலோசனை மாற்றிவிடக்கூடும். அதனால் அதைக் கடைசிக்குத் தள்ளக்கூடாது.

என்னிடம் அடிக்கடி வரும் திட்டம் ஒன்றைச் சொல்கிறேன். கென்யாவில் சஃபாரி, அங்கிருந்து சான்சிபார் தீவில் சில நாள் கடற்கரை. போகிறவர்கள் கணவன், மனைவி, 5 வயதுப் பெண், 7 மாதக் கைக்குழந்தை, 60 வயதைத் தாண்டிய பாட்டி. கொசுக்கடியால் வரும் வைரஸ் நோயான மஞ்சள் காய்ச்சல் பரவக்கூடிய நாடுகளின் பட்டியலில் கென்யா இருக்கிறது. சான்சிபார் தான்சானியாவைச் சேர்ந்தது. கென்யாவிலிருந்து அங்கே நுழைகிறவர்களிடம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் கேட்பார்கள். ஊசி போட்ட 10 நாளுக்குப் பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லுபடியாகும். நேற்று போட்டுக்கொண்டு இன்று காட்டினால் ஏற்கமாட்டார்கள். ஒரு வாரத்தில் கிளம்புகிற குடும்பத்துக்கு இங்கேயே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

ஆனால் பெரிய சிக்கல் சான்றிதழ் இல்லை. இந்தத் தடுப்பூசியில் இருப்பது வீரியம் குறைக்கப்பட்ட உயிருள்ள வைரஸ். பெரும்பாலானவர்களுக்குப் பாதுகாப்பானது, ஒரே ஊசி ஆயுள் முழுக்கப் போதும். சான்றிதழும் 2016 ஜூலையிலிருந்து ஆயுள் முழுவதற்கும் செல்லும். ஆனால் 6 மாதத்துக்குள் உள்ள குழந்தைக்குப் போடவே கூடாது. 9 மாதம் முடியும்வரை வழக்கமாகப் போடுவதில்லை. 60 வயதைத் தாண்டியவர்கள் முதல் முறையாகப் போட்டுக்கொள்ளும்போது கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு, அரிதுதான் என்றாலும், மற்றவர்களைவிடக் கூடுதல். நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறவர்கள், முட்டைக்குக் கடுமையான ஒவ்வாமை உள்ளவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரையும் தனித்தனியாகப் பார்த்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். ஆக, அந்த ஐந்து பேரில் இரண்டு பேருக்கு எளிதாகச் "சரி" என்று சொல்ல முடியாது. ஊசி ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மருத்துவர் விலக்குக் கடிதம் தரலாம். எல்லைச் சாவடியில் அதை ஏற்பதும் ஏற்காததும் அந்த நாட்டின் விருப்பம். கடிதம் இருந்தாலும் கொசு கடிக்காமல் இருக்கப்போவதில்லை என்பதையும் மறக்கக்கூடாது.

இதுவே டிக்கெட் எடுப்பதற்கு முன் தெரிந்திருந்தால் எத்தனையோ வழிகள் இருந்தன. குழந்தைக்கு 9 மாதம் தாண்டும்வரை பயணத்தைத் தள்ளிப்போடலாம். விலங்குகளைப் பார்ப்பதுதான் ஆசை என்றால், தென்னாப்பிரிக்காவில் பிலான்ஸ்பெர்க், மடிக்வே போன்ற மலேரியா இல்லாத சரணாலயங்கள் இருக்கின்றன. கைக்குழந்தை உள்ள குடும்பங்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். கடல்தான் வேண்டும் என்றால் மொரீஷியஸ், செஷல்ஸ் தீவுகளில் மலேரியா பயம் இல்லை. டெங்கு, சிக்குன்குனியா பரப்பும் கொசுக்கள் மட்டும் உண்டு. போகும் வழியையும் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தாலே சான்றிதழ் கேட்கும் நாடுகள் உண்டு. மலிவாகக் கிடைத்த டிக்கெட் அப்படி ஓர் ஊரில் இரவு முழுக்க உட்காரவைத்தால், அந்த மலிவுக்குப் பொருளே இல்லை.

கிளம்புவதற்கு 6 முதல் 8 வாரம் முன்னால் வாருங்கள் என்று நாங்கள் கேட்பதற்குக் காரணம் உண்டு. குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி பாக்கி இருக்கலாம். அதுவும் உயிருள்ள தடுப்பூசி. மஞ்சள் காய்ச்சல் ஊசியோடு ஒரே நாளில் போட முடியாவிட்டால், இரண்டுக்கும் நடுவே 4 வாரம் இடைவெளி விடுவது வழக்கம். டைபாய்டு ஊசி போட்டு 2 வாரமாவது ஆனால்தான் நம்பலாம். ஹெபடைடிஸ் ஏ, ரேபிஸ் ஊசிகளைப் பற்றியும் பேச வேண்டியிருக்கும். வரும்போது எல்லோருடைய தடுப்பூசி அட்டைகளையும், பெரியவர்கள் சாப்பிடும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துவாருங்கள். அட்டை இல்லாமல் நினைவிலிருந்து சொல்லும் தேதிகளை வைத்து எங்களால் ஒன்றும் செய்ய முடியாது.

மலேரியாவுக்கு வருகிறேன். மஞ்சள் காய்ச்சலுக்கு ஓர் ஊசி இருப்பதுபோல, சுற்றுலாப் பயணிக்குப் போட்டு அனுப்பும் வழக்கமான ஊசி இதற்கு இல்லை. மாத்திரைதான். அடோவாகோன்-புரோகுவானில் என்ற மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒன்றிரண்டு நாள் முன் தொடங்கி, அங்கே இருக்கும்வரை தினமும் சாப்பிட்டு, மலேரியா பகுதியைவிட்டு வந்த பிறகும் 7 நாள் தொடர வேண்டும். டாக்சிசைக்ளினும் அப்படியே தொடங்கலாம். ஆனால் வந்த பிறகு 4 வாரம் சாப்பிட வேண்டும், 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கூடாது. மெஃப்ளோகுவின் வாரம் ஒரு முறை. 2 வாரமாவது முன்னால் தொடங்க வேண்டும், வலிப்பு நோயோ மனநலச் சிக்கலோ இருந்தவர்களுக்குத் தரமாட்டோம். எது யாருக்கு என்பது போகும் இடம், வயது, எடை, மற்ற நோய்கள் எல்லாவற்றையும் பார்த்து முடிவாகும். குழந்தைக்கு எடையை வைத்துத்தான் அளவு. அதனால் அப்பாவின் மாத்திரையை ஒடித்துப் பாதி கொடுப்பது வேண்டவே வேண்டாம். அடோவாகோன்-புரோகுவானில் உடம்பில் சேர, கொழுப்புள்ள சாப்பாடோ பாலோ வேண்டும். குழந்தைக்குப் பொடித்துப் பாலில் கலந்து கொடுக்கலாம்.

ஊருக்கு வந்ததும் மாத்திரையை நிறுத்திவிடுவதுதான் நான் அதிகம் பார்க்கிற தவறு. "இங்கேதான் கொசு இல்லையே" என்பார்கள். கொசு அங்கேயே கடித்துவிட்டது. உள்ளே போன கிருமி கல்லீரலில் சில நாள் தங்கிப் பெருகி, அப்புறம்தான் ரத்தத்துக்கு வரும். கடைசி நாளில் கடித்த கொசுவுக்கும் சேர்த்துத்தான் அந்தக் கடைசி மாத்திரைகள்.

மாத்திரை இருக்கிறதே என்று கொசுக்கடியை விட்டுவிடவும் முடியாது. எந்த மாத்திரையும் முழுப் பாதுகாப்பு தருவதில்லை. மலேரியா பரப்பும் அனோஃபிலிஸ் கொசு அந்தி சாய்ந்ததிலிருந்து விடியும்வரை கடிக்கும்; டெங்கு பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். ஆக நாள் முழுக்க ஜாக்கிரதை தேவை. டீட் (DEET) என்ற வேதிப்பொருள் கலந்த கொசு விரட்டியை 2 மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்குத் தடவலாம். உள்ளங்கையிலும், கண், வாய் பக்கத்திலும் தடவக் கூடாது, ஏனென்றால் குழந்தை கையை வாயில் வைக்கும். வெயிலுக்கான கிரீமை முதலில் பூசி, அதன்மேல் கொசு விரட்டியைத் தடவுங்கள். கைக்குழந்தை தூங்கும் இடத்துக்கு மருந்து தோய்த்த வலை அவசியம். விடுதியை முன்பதிவு செய்யும்போதே வலை உண்டா, ஜன்னலில் கம்பிவலை உண்டா என்று கேட்டுவிடுங்கள். நீச்சல் குளத்தைப் பற்றி விசாரிக்கிற நாம் இதைக் கேட்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்துவது ரேபிஸ். கோயில், கடற்கரை, சரணாலய வாசல் என்று எங்கே பார்த்தாலும் குரங்கும் நாயும் பூனையும் இருக்கும். குழந்தை கையை நீட்டும். கடி பட்டாலும், அப்பா திட்டுவாரோ என்று சொல்லாமல் மறைத்துவிடும். கிளம்புவதற்கு முன்பே குழந்தையிடம் தெளிவாகச் சொல்லிவையுங்கள்: எந்த விலங்கையும் தொடக் கூடாது, தொட்டு ஏதாவது ஆனால் உடனே சொல்ல வேண்டும், சொன்னால் யாரும் திட்டமாட்டார்கள். கடியோ கீறலோ பட்டால், சோப்பும் ஓடும் தண்ணீரும் வைத்து 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பயணத்தைப் பாதியில் முறிக்க வேண்டியிருந்தாலும் முறியுங்கள். ரேபிஸ் அறிகுறி தொடங்கிவிட்டால் காப்பாற்றுவது அநேகமாக முடியாத காரியம். அதற்கு முன்னால் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

வயிற்றுப்போக்கைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும். கொதித்த தண்ணீர், சூடான சாப்பாடு, ஐஸ் வேண்டாம், ஓஆர்எஸ் பொட்டலம் கையில் இருக்கட்டும். குழந்தை வாந்தி எடுத்தால் தேக்கரண்டி தேக்கரண்டியாகக் கொடுங்கள். சிறுநீர் குறைந்தாலோ, அசந்து கிடந்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

தொற்றுநோய்களைப் பற்றியே பேசுகிறோம். ஆனால் சுற்றுலாப் பயணிகள் உயிரிழக்கும் காரணங்களில் சாலை விபத்தும் நீரில் மூழ்குவதும் முன்னால் நிற்கின்றன. வண்டி பேசும்போது சீட் பெல்ட் உண்டா, குழந்தைக்கான இருக்கை கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் கூடவே எடுத்துப்போங்கள். இரவுப் பயணத்தைத் தவிருங்கள். விக்டோரியா ஏரி, மலாவி ஏரி போன்ற ஆப்பிரிக்க ஏரிகளில் தண்ணீர் எவ்வளவு தெளிவாகத் தெரிந்தாலும் இறங்காதீர்கள். அங்கே நத்தைகளிலிருந்து வெளிவரும் ஒரு நுண்புழு தோலைத் துளைத்து உடம்புக்குள் போய்விடும். குளோரின் கலந்த நீச்சல் குளத்தில் அந்தப் பயம் இல்லை.

மருந்துகளைக் கைப்பையில், மருந்துச்சீட்டோடு வையுங்கள். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதிக்குப் போகும் பெட்டியில் வைத்தால் உறைந்து கெட்டுப்போகலாம். ட்ரமடால், கோடீன் போன்ற வலி மருந்துகளுக்குச் சில நாடுகளில் கடுமையான கட்டுப்பாடு உண்டு. அந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். மருத்துவக் காப்பீடு எடுக்கும்போது, நோயாளியை வேறு ஊருக்கு விமானத்தில் கொண்டுபோகும் செலவும் அதில் அடங்குமா என்று கேளுங்கள். சரணாலயத்தின் நடுவில் இருக்கிறவருக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம்.

திரும்பி வந்த பிறகு யாருக்காவது காய்ச்சல் வந்தால், அது மலேரியா இல்லை என்று நிரூபணமாகும்வரை மலேரியாதான் என்று நினைத்து நடந்துகொள்ளுங்கள். ஃபால்சிபாரம் வகை மலேரியா ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாகலாம். பெரும்பாலும் திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் தொடங்கும். வைவாக்ஸ் வகை பல மாதம் கழித்தும் வரும். அதனால் ஒரு வருடம் வரைக்கும் எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், மருத்துவர் கேட்காவிட்டாலும், எந்த நாட்டில் எந்தத் தேதிவரை இருந்தீர்கள், எந்த மாத்திரை சாப்பிட்டீர்கள், எப்போது நிறுத்தினீர்கள் என்று நீங்களாகவே சொல்லுங்கள். டெங்குவாக இருக்கலாம் என்பதால், தெளிவாகும்வரை காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும் போதும். ஐபுபுரோஃபென், ஆஸ்பிரின் வேண்டாம். மலேரியாவுக்கான ரத்தப் பரிசோதனை முதல் தடவை நெகட்டிவ் என்று வந்தாலும் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் இன்னும் இரண்டு முறை எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.