தரைவழிப் பயணமா, நெடுந்தடப் பயணமா?

போன வாரம் ஆஸ்திரேலியப் பாலைவனத்தைப் பற்றிய ஓர் ஆவணப்படத்தைத் தமிழ் வரிகளோடு பார்த்துக்கொண்டிருந்தேன். செம்மணல் மேடுகளுக்கு நடுவே ஐந்தாறு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறி இறங்குகின்றன. கீழே ஓடிய வரி இது: 'தரைவழிப் பயணிகள் கேனிங் பங்குப் பாதையில் தங்கள் நான்கு சக்கர வாகன அணிவகுப்பைத் தொடர்ந்தனர்.'

படத்தை நிறுத்திவிட்டு இன்னொரு முறை படித்தேன். ஒரே வரியில் நான்கு பிழை. அவற்றில் 'பங்குப் பாதை' பெரிய ஆபத்து இல்லாதது. படிக்கிறவருக்கே அது இடித்துவிடும். கேனிங் ஸ்டாக் ரூட்டில் உள்ள ஸ்டாக் ஆடுமாடு. பங்குச் சந்தைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் 'தரைவழிப் பயணம்' அப்படி இடிக்காது. பார்த்தால் சரிபோலவே இருக்கும். ஓவர்லேண்டிங் என்று வருகிற இடத்தில் எல்லாம் இதையே போடுகிறார்கள். எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது?

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். தண்ணீர், எரிபொருள், சாப்பாடு, படுக்கை, பழுது பார்க்கும் சாமான் எல்லாவற்றையும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில், ஆளரவமில்லாத நிலங்களைக் கடந்து போவதுதான் ஓவர்லேண்டிங். தனியாகவும் போவார்கள், கூட்டமாகவும் போவார்கள். போய்ச் சேரும் ஊரைவிடப் போகிற வழிதான் அதில் பெரிது. ஆஃப்-ரோடிங் வேறு. சேற்றுப் பள்ளத்திலும் பாறைச் சரிவிலும் வண்டியை ஏற்றி இறக்கிவிட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். ஓவர்லேண்டிங் போகிறவர் பாதி நாள் நல்ல தார்ச்சாலையில்கூடப் போவார். இரண்டையும் ஒன்றாக்கி 'சாகசப் பயணம்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. மலையிலிருந்து கயிறு கட்டிக் குதிப்பதும் சாகசம்தான், அந்தச் சொல் இங்கே எதையும் பிரித்துக் காட்டுவதில்லை.

சொல் பிறந்த கதை எளிது. ஓவர், லேண்ட் என்ற இரண்டும் சேர்ந்தது. இன்றைய பொருளுக்கு வித்திட்டவர்கள் ஆஸ்திரேலிய மாட்டு மந்தைக்காரர்கள். 1838-இல் ஜோசஃப் ஹாடனும் சார்லஸ் பானியும் மந்தையை முர்ரே ஆற்றை ஒட்டியே ஓட்டிக்கொண்டு அடிலெய்டு போய்ச் சேர்ந்தார்கள். இப்படி நெடுந்தூரம் மாடு ஓட்டிப் போனவர்களுக்கு ஓவர்லேண்டர் என்று பெயர் வந்தது. கேனிங் ஸ்டாக் ரூட்டும் இதே வகைதான். மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹால்ஸ் கிரீக்கிலிருந்து விலூனா வரை சுமார் 1,850 கிலோமீட்டர். நில அளவையாளர் ஆல்ஃபிரட் கேனிங் 1906-இல் வழி பார்க்கப் புறப்பட்டு, 1908 முதல் 1910 வரை கிணறுகளை வெட்டி முடித்தார். கடைசி மந்தை அங்கே போனது 1959-இல். வண்டியில் முழுவதையும் முதன்முதலாகக் கடந்தது 1968-இல். மாடு போன வழியில் மோட்டார் வண்டி போனது, பெயரும் கூடவே போனது.

இனி 'தரைவழி'க்கு வருவோம். இந்தச் சொல்லின் மீது எனக்குப் பகை எதுவும் இல்லை. கடல்வழி, வான்வழி என்ற இரண்டுக்கும் எதிராக நிற்கும் நல்ல சொல் அது. சிக்கலே அங்கேதான். தரைவழி என்றதும் தமிழ் காதுக்கு 'கப்பலிலும் இல்லை, விமானத்திலும் இல்லை' என்பது மட்டும்தான் கேட்கிறது. மதுரையிலிருந்து சென்னைக்கு ராத்திரி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே போகிறவரும் தரைவழியில்தான் போகிறார். லாரியில் வெங்காயம் போவதும் தரைவழிதான். செய்திகளில் இன்று இந்தச் சொல் அதிகம் வருவது 'தரைவழித் தாக்குதல்' என்பதில். அதற்கு அடுத்தது தரைவழித் தொலைபேசி. ராணுவ டாங்கிக்கும் பழைய டெலிபோனுக்கும் பொதுவான ஒரு சொல்லை, பாலைவனத்தில் தனியாகக் கூடாரம் போட்டுப் படுத்திருக்கும் மனிதரின் தலையில் வைத்தால் அவர் யாரென்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

மூலச் சொல்லே அப்படித்தானே என்று ஒரு நண்பர் கேட்டார். ஓவர்லேண்ட் என்றாலும் தரை மேலே என்றுதானே பொருள்? கிடையாது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கும் முன், இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்குத் தபால் வந்த ஒரு வழிக்கு ஓவர்லேண்ட் ரூட் என்று பெயர். 1830-களில் தாமஸ் வாகார்ன் என்பவர் முனைந்து நடத்திக் காட்டியது. அந்த வழியில் பெரும்பகுதி கடல்தான்! அலெக்சாண்ட்ரியா வரை கப்பல், எகிப்தில் மட்டும் படகும் ஒட்டகமும் வண்டியும், சூயஸில் மறுபடி கப்பல். நடுவில் நிலத்தைக் குறுக்கே கடந்ததால்தான் அந்தப் பெயர். அதாவது அந்தச் சொல்லின் உயிர் 'கடப்பது'. எதன்மேல் போகிறோம் என்பது இரண்டாம் பட்சம். இன்றைக்கும் அலாஸ்காவிலிருந்து தென்னமெரிக்காவின் தென்கோடி வரை வண்டியில் போகிறவர்கள் பனாமாவில் நின்றுவிடுகிறார்கள். பனாமாவுக்கும் கொலம்பியாவுக்கும் இடையே சுமார் 100 கிலோமீட்டருக்குச் சாலையே இல்லை, டேரியன் காடும் சதுப்பும்தான். வண்டியைக் கண்டெய்னரில் ஏற்றிக் கடல் வழியே அனுப்பிவிட்டு அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொள்கிறார்கள். அவர்களை யாரும் ஓவர்லேண்டர் இல்லை என்று சொல்வதில்லை. 'தரைவழிப் பயணி' கப்பலில் வண்டி அனுப்பினார் என்று எழுதிப் பாருங்கள், வாக்கியமே தன்னை மறுக்கும்.

சரி, கடப்பதுதான் உயிர் என்றால் 'நிலங்கடத்தல்' என்று வைக்கலாமா? கடத்தல் என்றாலே இன்று தங்கக் கடத்தல், ஆள் கடத்தல். அது ஆகாது. தனித்தமிழில் பற்றுள்ள ஒருவர் 'சுரங்கடப்பு' என்று சொன்னார். மனசைத் தொட்ட சொல் என்பதை மறைக்க மாட்டேன். பொருள் தேடிச் சுரம் கடந்து போன தலைவனை நம் பழம்பாட்டுகள் எத்தனை இடத்தில் பாடியிருக்கின்றன! நீரில்லாத, நிழலில்லாத வழி என்ற பொருளும் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இன்றைய வாசகருக்குச் சுரம் என்றால் காய்ச்சல், இல்லையென்றால் சங்கீதம். ஒவ்வொரு தடவையும் அடிக்குறிப்பு கேட்கிற சொல் நடமாடாது. தூய்மைக்காகத் தெளிவை விட்டுக்கொடுக்க எனக்கு விருப்பமில்லை, அதுவும் தூய்மையும் தெளிவும் சேர்ந்த சொல் ஒன்று நம் கையிலேயே இருக்கும்போது.

தடம் என்பதைத்தான் சொல்கிறேன். கால்தடம், வண்டித்தடம், ஒற்றையடித் தடம். சாலையைப் போடுகிறோம், தடம் பதிகிறது. இந்த ஒரு வித்தியாசமே போதும். சாலைக்கு ஒப்பந்தக்காரரும் ஜல்லியும் தாரும் வேண்டும். தடத்துக்கு முன்னே போனவர் ஒருவர் இருந்தால் போதும், பின்னால் வருகிறவர் அதைப் பிடித்துக்கொண்டு வருவார். கேனிங் வழியே அப்படி வந்ததுதான். அங்கே நீர் இருக்கும் இடங்கள் மார்து முதலிய பழங்குடி மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். கேனிங்கின் ஆட்கள் அவர்களைச் சங்கிலியால் கட்டி நீர்நிலைகளைக் காட்டச் சொன்னார்கள். 1908-இல் அதன்மேல் விசாரணை ஆணையமே அமைந்தது, கேனிங் குற்றமற்றவர் என்று சொல்லி முடித்தது. இன்று அங்கே வண்டி ஓட்டிப் போகிறவர் யாருடைய தடத்தில் போகிறார் என்பதையும் அந்தச் சொல் நினைவில் வைத்திருக்கிறது.

ஆகவே ஓவர்லேண்டிங் என்பதற்கு நெடுந்தடப் பயணம், போகிறவர் நெடுந்தடப் பயணி. 1955 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் மாணவர்கள் 6 பேர் இரண்டு லேண்ட் ரோவர்களில் லண்டனிலிருந்து கிளம்பி, 1956 மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்களே, அதை 'லண்டன்–சிங்கப்பூர் நெடுந்தடப் பயணம்' என்று சொல்லிப் பாருங்கள். உறுத்துகிறதா? ஆஃப்-ரோடிங்கை வெறுமனே 'தடமோட்டம்' என்று சொல்லலாம். தடகளத்தோடு குழம்பாதா என்றால், குழம்பாது. பஸ் தடம் எண் 21 என்று எழுதினால் யாரும் ஓட்டப்பந்தயத்தை நினைப்பதில்லையே.

அந்த வரியில் மிச்சமிருக்கும் இரண்டு பிழைகளையும் விட மனசில்லை. 'நான்கு சக்கர வாகனம்' என்றால் எல்லாக் காரும்தான். ஃபோர் வீல் டிரைவ் என்பது நான்கு சக்கரங்களுக்கும் இன்ஜின் விசை போகிற வண்டி. மணலில் இரண்டு சக்கரம் சும்மா சுற்றினாலும் மற்ற இரண்டு இழுத்துவிடும், அதுதான் விஷயம். நாற்சக்கர விசை வண்டி என்று எழுதினால் என்ன குறைந்துவிடும்? கொழுக்குமலைக்கு ஜீப் ஓட்டுகிறவர்களிடம் கேட்டால் இந்த வேறுபாட்டை ஒரே நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். நம் மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியைக் கேட்கிறார்கள், வண்டி ஓட்டுகிறவரைக் கேட்பதில்லை. அவர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நிமிடக் கணக்கில் கூலி வாங்குகிறவருக்கு ஜீப் ஓட்டுநரைத் தேடிப் போக நேரம் எங்கே? அதே படத்தில் 'டயரின் அழுத்தத்தைக் குறைக்கவும்' என்று வந்தது. மணலுக்குள் போகும்முன் நம் ஆட்கள் 'காத்தை இறக்கு' என்பார்கள். இரண்டு சொல்லில் முடிந்தது.

அப்புறம் 'அணிவகுப்பு'. அது குடியரசு தினத்தன்று நடப்பது. கூட்டமாக, ஒருவருக்கொருவர் துணையாகப் போகும் வண்டி வரிசைக்குச் சாத்து என்ற சொல் சங்க காலத்திலேயே இருக்கிறது. வணிகச் சாத்து என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது வடமொழி சார்த்தத்திலிருந்து வந்தது என்பவர்களும் உண்டு. வந்திருக்கட்டும். ஈராயிரம் ஆண்டு தமிழில் உழைத்த சொல்லை வெளியே போ என்று சொல்ல நமக்கு என்ன உரிமை? வண்டிச் சாத்து என்று தாராளமாக எழுதலாம்.

அந்தச் சாத்துகளில் உப்பு வண்டி ஓட்டிய உமணர்களை ஔவையார் ஒரு புறநானூற்றுப் பாட்டில் காட்டுகிறார். எருதுகள் இளையவை, பாரம் அதிகம், வழியில் பள்ளம் வருமோ மேடு வருமோ தெரியாது. அதனால் வண்டிக்கு அடியில் இன்னோர் அச்சை முன்கூட்டியே கட்டி வைத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பெயர் சேம அச்சு. நெடுந்தடப் பயணம் என்றால் என்ன என்று கேட்பவருக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. இன்று வண்டியின் பின்னால் தொங்கும் கூடுதல் சக்கரத்தை நாம் ஸ்டெப்னி என்கிறோம். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஸ்டெப்னி தெருவில் 1904-இல் அதைச் செய்யத் தொடங்கியதால் வந்த பெயர். மொழிபெயர்க்கும்போது மட்டும் 'உதிரிச் சக்கரம்' என்று எழுதுகிறார்கள். உதிரி என்றால் தனித்தனியாகக் கிடப்பது. ஆபத்துக்கு உதவ எடுத்து வைத்தது சேமம். ஸ்டெப்னி பழகிவிட்டது என்றால் இருக்கட்டும், அதை மாற்றச் சொல்லவில்லை. தமிழில்தான் எழுதுவேன் என்று உட்காருகிறவர் சேமச் சக்கரம் என்று எழுதட்டும்.