உதைக்கும் முன்: பன்னிரண்டு வருடம் நின்ற புல்லட்டுக்குள் என்ன நடந்தது?

கல்லிடைக்குறிச்சியில் பெரியப்பா வீட்டுத் தொழுவத்தில் மாடுகளை விற்ற பிறகு மிஞ்சியது ஒரு பழைய புல்லட்தான். 2011-இல் ஒரு நாள் ஓட்டி வந்து நிறுத்தியவர், முழங்கால் வலியால் அப்புறம் அதைத் தொடவில்லை. 2023 கோடையில் சாக்கை விலக்கிய கையோடு நான் கிக்கரில் கால் வைத்தேன். கூட வந்திருந்த அம்பாசமுத்திரம் மெக்கானிக் பதறிப்போய்த் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"உதைச்சிராதீய அண்ணாச்சி! பன்னெண்டு வருசத்துல ஆகாத சேதம் ஒரு உதையில ஆயிரும்."

வண்டி திரும்ப ஓட எட்டு வாரம் ஆனது. அந்த எட்டு வாரமும் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்கான விளக்கம்தான் எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது.

நிறுத்தி வைத்த வண்டி ஓய்வெடுப்பதில்லை. ஓடாத இன்ஜினுக்குள் வேதியியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. பழைய 350 புல்லட்டின் சிலிண்டர் வார்ப்பிரும்பு. உள்விட்டம் 70 மி.மீ., பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 90 மி.மீ.; பெருக்கிப் பார்த்தால் 346 சி.சி. வரும். அதற்குள் ஓடும் பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள ரிங்குகள் இரும்பு. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையே ஒரு தலைமுடி கனத்துக்குத்தான் இடைவெளி. ரிங்குகளோ சுவரைத் தொட்டுக்கொண்டேதான் இருக்கும். இரும்பு துருவானால் இருந்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். தலைமுடி அகலச் சந்தில் இப்படி ஒன்று வளர்ந்தால் என்ன ஆகும்? ரிங்கும் சுவரும் ஒன்றோடொன்று கவ்விக்கொள்கின்றன. 'பிஸ்டன் ஜாம்' என்று ஒர்க்ஷாப்பில் சொல்வது இதைத்தான்.

மூடிய சிலிண்டருக்குள் ஈரம் எப்படிப் போனது என்று கேட்கலாம். இன்ஜின் எந்த நிலையில் நின்றது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. பெரியப்பாவின் வண்டி, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் வால்வு திறந்த நிலையில் நின்றுபோயிருந்தது. அதனால் சைலன்சர் வழியாக வெளிக்காற்றுக்கு நேர்ப்பாதை. பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியே போகும். ராத்திரி குளிர்ந்ததும் வெளிக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். தினமும் ஒரு மூச்சு என்று வைத்தாலும் பன்னிரண்டு வருடத்துக்கு நாலாயிரத்துக்கு மேல். எங்கள் பக்கம் ஆனியிலும் ஆடியிலும் மலையிலிருந்து சாரல் காற்று, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் வடகிழக்குப் பருவமழை. காற்றின் ஈரப்பதம் சுமார் 60 சதவீதத்தைத் தாண்டினால் இரும்பின்மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப்படலம் படியத் தொடங்கும். துருவுக்கு அந்தப் படலமே போதும். இதே வண்டி தூத்துக்குடி உப்பளத்துப் பக்கம் நின்றிருந்தால் நிலைமை இன்னும் மோசம். உப்பு காற்றிலிருக்கும் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொள்ளும், அந்த நீரில் மின்சாரம் எளிதாகப் பாயும். துருப்பிடித்தல் அடிப்படையில் ஒரு மின்வேதி வினை என்பதால் உப்பு அதை விரட்டி ஓட்டும்.

(2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளின் கதை வேறு. அவற்றுக்குள் போனது ஈரக்காற்று இல்லை, சேற்றுத் தண்ணீர். அவற்றை உடனே பிரித்துக் கழுவியே ஆக வேண்டும், ஊறப்போட்டுக் காத்திருக்கக் கூடாது.)

இப்போது அந்த உதைக்கு வருவோம். துரு கவ்விய ரிங்கை ஒரே மூச்சில் இழுத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். வார்ப்பிரும்பு ரிங் வளையாது, ஒடியும். ஒடியாவிட்டால் துரு சுவரைக் கீறிக்கொண்டே போகும். அதனால் மெக்கானிக் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, டீசலும் இன்ஜின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து அந்த ஓட்டை வழியாக ஊற்றினார். "பத்து நாள் கழிச்சு வாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாளா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருக்கிறது. நுண்ணிய சந்துக்குள் எண்ணெயை இழுப்பது நுண்புழை விசை. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இதனால்தான். இந்த விசையால் திரவம் போகும் தூரம், நேரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு மில்லிமீட்டர் போக ஒரு நாள் ஆனால், இரண்டு மில்லிமீட்டருக்கு நாலு நாள், மூன்றுக்கு ஒன்பது நாள். உள்ளே போகப்போக வேகம் குறைந்துகொண்டே வரும். ஆயில் மட்டும் ஊற்றினால் அதன் கெட்டித்தன்மையால் இன்னும் தாமதமாகும். டீசல் சேர்ப்பது எண்ணெயை இளக்கி வழி திறக்கத்தான்.

அவர் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் பிடித்துப்போனது. "தொழுவத்துல வேண்டாம், பகல்ல வெயில்ல தள்ளி வைங்க." 70 மி.மீ. விட்டமுள்ள இரும்பு வளையத்தின் சூடு 40 டிகிரி கூடினால் விட்டம் சுமார் 0.03 மி.மீ. கூடும். அலுமினியம் அதே சூட்டில் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு உலோகங்கள் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்கும்போது நடுவில் சிக்கிய துரு விரிசல் விடுகிறது. அந்த விரிசலில் எண்ணெய் இறங்குகிறது. கத்திரி வெயில் பகலில் அடிக்க, ராத்திரி வண்டி ஆற, யாரும் தொடாமலே பத்து முறை இந்த வேலை நடந்தது.

பதினொன்றாம் நாள் வண்டியை டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். டாப் கியரில்தான் சக்கரத்தில் கொடுக்கும் விசை அதிகபட்சமாக கிராங்குக்குப் போய்ச் சேரும். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு விரல்கடை நகர்ந்தது. அன்று சாயங்காலம் முழுச் சுற்றும் வந்தது. சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிப் பார்த்தபோது, பிஸ்டன் நின்றிருந்த மட்டத்துக்கு மேலே சுவரில் மோதிரம் போல ஒரு பழுப்புக் கோடு. நல்ல வேளை, குழி ஆழமில்லை. சுவரை மெல்லத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் போட்டுப் புது ரிங் மாட்டியதோடு போயிற்று. ஆழமாக அரித்திருந்தால் சிலிண்டரை அகலமாகக் கடைந்து ('போர்' போட்டு) பெரிய சைஸ் பிஸ்டன் மாட்ட வேண்டி வந்திருக்கும்.

அடுத்தது டேங்க். மூடியைத் திறந்ததும் பெட்ரோல் வாசனை இல்லை, பழைய வார்னிஷ் வாசனை. பெட்ரோல் ஒரே பொருள் கிடையாது, பல ஹைட்ரோகார்பன்களின் கலவை. எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். மிச்சத்தில் இரட்டைப் பிணைப்புள்ள மூலக்கூறுகள் ஆக்சிஜனோடு சேர்ந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பிசினாக மாறும். கார்புரேட்டரில் ஐடிலுக்கு, அதாவது நின்ற இடத்தில் இன்ஜின் மெல்ல ஓடுவதற்கு, பெட்ரோல் விடும் ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அந்தப் பிசின் ஒரு துளி போதும், அடைத்துவிடும். அதைக் கம்பி விட்டுக் குத்தக் கூடாது. பித்தளைத் துளை அகன்றுபோனால் பெட்ரோல் அளவே மாறிவிடும். கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்தால் போதும்.

டேங்கின் அடியில் இருந்த துருவைப் பார்த்துவிட்டு, பெரியம்மா "புளி போட்டுத் தேய்க்க வேண்டியதுதானே" என்றார்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை, அறிவியலும் அவர்கள் பக்கம்தான். பித்தளைக் குடத்தைப் பளபளப்பாக்குவது புளியிலிருக்கும் டார்டாரிக் அமிலம். அது உலோக ஆக்சைடைக் கரைப்பதோடு நிற்காமல், வெளியே வந்த உலோக அயனியை இரண்டு பக்கமும் பிடித்து வைத்துக்கொள்ளும். இந்தப் பிடிக்கு வேதியியலில் 'கீலேட்' என்று பெயர், நண்டின் கொடுக்கைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. எங்கள் வயல்வரப்பு நண்டிடம் விரலைக் கொடுத்தவர்களுக்கு அந்தப் பிடி எப்படிப்பட்டது என்று தெரியும். டேங்குக்குள் புளிச்சக்கை தங்கிவிடும் என்பதால், அதே வேலையைச் செய்யும் சிட்ரிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்து ஒரு நாள் ஊற்றி வைத்தோம். வெளியே வந்த நீர் கடும் மஞ்சள். உள்ளே வெறும் இரும்பு சாம்பல் நிறத்தில் தெரிந்தது.

இந்த இடத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். அமிலத்தில் கழுவிய ஈர இரும்பின்மேல் நிமிடங்களில் புதுத் துரு பூத்துவிடும். சமையல் சோடா கரைசலால் அமிலத்தை முறித்து, அலசி, சூடான காற்றில் உடனே உலர்த்தி, எண்ணெய் கலந்த பெட்ரோலை உள்ளே சுழற்றி ஊற்ற வேண்டும். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றினோம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் இருக்கிறது. அது பழைய ரப்பரை ஊதவைக்கும். காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக்கொள்ளும், நீர் அளவு மீறினால் எத்தனாலும் நீரும் சேர்ந்து தனியே பிரிந்து டேங்கின் அடியில் போய்த் தங்கும். வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தப்போகிறவர்கள் டேங்கை வடித்துவிடுவது நல்லது.

டயர், கேபிள், பேட்டரி எல்லாம் புதிதுதான். வெடித்த டயரையும் சல்பேட் படிகம் கட்டிப்போன பேட்டரியையும் காப்பாற்றப் பார்ப்பது வீண் செலவு.

ஸ்பார்க் வராததற்குக் காரணம் கான்டாக்ட் பாயிண்ட், காயில் என்ற கம்பிச்சுருளுக்குப் போகும் மின்சாரத்தை விட்டுவிட்டு நிறுத்தும் சின்ன சுவிட்ச். அதன் முகத்தில் படிந்த ஆக்சைடு படலம் கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் 6 வோல்ட்டால் அதைத் தாண்ட முடியாது. காயில் ஆயிரக்கணக்கான வோல்ட்டை உண்டாக்குவது, பாயிண்ட் மூடியிருக்கும்போது ஓடும் மின்சாரம் சட்டென்று அறுபடும் அந்த நொடியில்தான். மின்சாரமே ஓடாவிட்டால் அறுபடுவதற்கு என்ன இருக்கிறது? சின்ன அரத்தால் இரண்டு தேய்ப்பு, இடைவெளி 0.4 மி.மீ. அளவுக்கு வைத்தாயிற்று. சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தியபோது ஹெட்லைட்டின் மேல் இருக்கும் அம்மீட்டர் முள் இடதுபக்கம் சாய்ந்து, பாயிண்ட் திறந்ததும் நடுவுக்குத் திரும்பியது. பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு அந்த வண்டியின் மின்சாரத்தில் நான் பார்த்த முதல் அசைவு அதுதான்.

ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றினோம். பழைய ஆயிலில் எரிபொருள் எரிந்ததில் உண்டான அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும், பேரிங்கை அரிக்கும். பிளக் இல்லாமல் நாற்பது ஐம்பது முறை கிக்கரை மிதித்து, வால்வுகளை அழுத்தித் திறக்கும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டைத் தளர்த்திப் பார்த்தோம். ஆயில் கசிந்து வந்த பிறகுதான் மெக்கானிக் பிளக்கை மாட்டினார். பெரியப்பா நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஆறாவது உதையில் பிடித்தது. சைலன்சரிலிருந்து தொழுவம் நிறைய நீலப்புகை, ஊறப்போட்ட எண்ணெயின் மிச்சம்.

பெரியப்பா எழுந்து வந்து ஐடில் ஸ்க்ரூவைக் கால் திருகு திருப்பினார். அன்று ராத்திரி வண்டியை நிறுத்தியதும் கிக்கரைக் கையால் மெல்ல அழுத்தி, எங்கே இறுகுகிறது என்று பார்த்து அந்த இடத்தில் விட்டார். அந்த நிலையில் இரண்டு வால்வும் மூடியிருக்கும்.