உழைச்செல்வான்: தாதிக்கு ஒரு பழைய சொல்

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளி இருக்கும் பெண் தாதிமை, அதாவது நர்சிங், படிக்கிறாள். மூன்று வருட டிப்ளோமா. விடுமுறைக்கு வந்தவள் ஒரு சந்தேகத்தோடு வாசலில் நின்றாள். "மாமா, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைங்ககிட்ட எங்க வேலையைப் பத்திப் பேசணும். புரொஃபஷனலிசம், கேரிங், இந்த ரெண்டுக்கும் தமிழ்ல என்ன சொல்றது?"

நம் மலேசியச் சுகாதார அமைச்சு தன் பணிப் பண்பாடாகச் சொல்லும் மூன்றில் இவை இரண்டும் உண்டு. முதலில் வருவது 'பெஞாயாங்', அன்புடையவர். அன்பைச் சொல்லும் மலாய்ச் சொல் 'சாயாங்' தெரியாத தமிழர் இங்கே யார்? அடுத்தது 'புரொஃபெஷனலிஸ்மே'. மூன்றாவது கூட்டாக வேலை செய்வது. சொல் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் வார்டில் இரண்டும் ஒட்டுவதில்லை என்றாள் அவள். "புரொஃபஷனலா இருன்னா தள்ளி நில்லுன்னு சில பேர் புரிஞ்சிக்கிறாங்க மாமா."

சொல் பிழைத்தால் புரிதலும் பிழைக்கும். அதனால் கொஞ்சம் தேடிப் பார்த்தேன்.

தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்குத் தாதி என்பது பத்திரிகைச் சொல். வாயில் வருவது 'மிஸ்ஸி'தான். ஆங்கில 'மிஸ்'ஸிலிருந்து வந்த விளி அது. மலாய்க்காரர்களும் 'மிசி' என்பார்கள். அரசாங்க மலாயில் 'ஜுருராவாட்': 'ஜுரு' என்றால் ஒன்றில் தேர்ந்தவர், 'ராவாட்' என்றால் நோய்க்குப் பார்ப்பது. தமிழில் மலேசியாவும் இலங்கையும் தாதி என்கின்றன, தமிழ்நாடு செவிலியர் என்கிறது. தாதி வடமொழித் 'தாத்ரி'யிலிருந்து வந்தது. பாலூட்டி வளர்ப்பவள் என்று பொருள். செவிலி, சங்க அகப்பாடல்களில் தலைவியை வளர்த்த தாய். 'நர்ஸ்' என்ற சொல்லைத் தோண்டினாலும் லத்தீனில் ஊட்டி வளர்ப்பது என்ற வேருக்குத்தான் போய்ச் சேருகிறோம்.

தாதி, செவிலி, நர்ஸ் மூன்றும் குழந்தையை வளர்த்தவளின் பெயர்கள். அழகான பெயர்கள்தான். ஆனால் கட்டிலில் படுத்திருப்பவர் குழந்தை இல்லையே. முப்பது வருடம் ரப்பர் மரம் சீவிக் குடும்பத்தைக் கரையேற்றிய மனுஷியிடம் போய்ப் பிள்ளைக்குப் பேசுவது போலப் பேசினால் மனம் நோகும்.

நோயாளியை ஒட்டியே பிறந்த சொல் ஒன்று குறளில் இருக்கிறது. மருந்து அதிகாரத்தின் கடைசிக் குறள், 950:

உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வானென்று
அப்பால்நாற் கூற்றே மருந்து

நோயுற்றவர், தீர்க்கும் மருத்துவர், மருந்து, உழைச்செல்வான். நான்கும் சேர்ந்ததுதான் மருத்துவம். இதில் வரும் 'உழை' உழைப்பு இல்லை. உழை என்றால் பக்கம். அரசனின் பக்கத்தில் இருக்கும் அமைச்சனை 'உழையிருந்தான்' என்கிறது 638ஆம் குறள். அப்படியானால் உழைச்செல்வான், நோயாளியின் பக்கத்தில் போகிறவர். தாதி என்பவர் எங்கே நிற்க வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது. அன்றைய மொழி ஆண்பாலில் சொன்னது. நாம் உழைச்செல்வாள், உழைச்செல்வார் என்றும் சொல்லலாம்.

இந்தக் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் இந்த நான்கில் ஒவ்வொன்றுக்கும் நான்கு நான்கு இயல்பு சொல்கிறார். உழைச்செல்வானுக்குச் சொன்னது: நோயாளியிடம் அன்பு, மனமும் சொல்லும் உடம்பும் தூய்மை, சொன்னதை அப்படியே செய்து முடிக்கும் வல்லமை, அறிவு. அந்தப் பெண்ணுக்கு இதை வாசித்துக் காட்டினேன். கை கழுவுவது, மருந்தின் அளவைச் சரிபார்ப்பது, ஒருவரின் நோயைப் பற்றி வெளியே பேசாமல் இருப்பது எல்லாம் இதற்குள் வந்துவிடுகின்றன என்றாள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வரிசை. அன்பு முதலில். அதுவும் திறமையோடு ஒரே பட்டியலில். வேலையில் கெட்டி, மனசில் இரக்கம் என்று இரண்டு ஆளாக அவர் பிரிக்கவே இல்லை.

சரி, புரொஃபஷனலிசத்துக்கு என்ன சொல்வது? பலரும் 'தொழில்முறை' என்கிறார்கள். எனக்கு அதில் திருப்தி இல்லை. தொழில்முறை ஆட்டக்காரர் என்றால் காசுக்கு ஆடுகிறவர் என்றுதானே எடுத்துக்கொள்கிறோம்? 'புரொஃபஷன்' லத்தீனில் எல்லார் முன்னும் அறிவிப்பது. துறவுக்குப் போகிறவர் எடுக்கும் சூளுரையைத்தான் ஆங்கிலத்தில் முதலில் அப்படிச் சொன்னார்கள். நவீனத் தாதிமைக்கு வழிகாட்டிய ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் பெயரில் தாதியர் எடுக்கும் உறுதிமொழி 1893இல் அமெரிக்காவில் எழுதப்பட்டது. அந்தச் சடங்கில் சொல்லின் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. வாக்குக் கொடுத்து அதன்படி நடப்பதைத் தமிழில் 'நெறி' என்போம். ஆகவே தொழில்நெறி.

கேரிங்குக்குப் 'பரிவு' போதும். பரிதல் என்றால் ஒருவருக்காக மனம் இளகுவது. 'பால்நினைந் தூட்டும் தாயினும் சாலப் பரிந்து' என்று மாணிக்கவாசகர் பாடிய அதே பரிவு. கேட்குமுன் நினைத்துக் கொடுப்பது. இரக்கம் மேலே நின்று கீழே பார்ப்பது போல ஆகிவிடலாம். பரிவில் அந்த மேல் கீழ் எனக்குத் தெரியவில்லை.

இப்போது பாடப்புத்தகத்தில் இன்னொன்றும் படிக்கிறார்களாம், ஆளை நடுவில் வைத்துப் பராமரிப்பது. உளவியல் ஆலோசனைக்கு வந்தவரை நடுவில் வைப்பதைப் பற்றி அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1951இல் நூலாக எழுதினார். மறதி நோயாளிகளைப் பராமரிப்பதில் அதை வலியுறுத்தியவர் இங்கிலாந்தின் டாம் கிட்வுட். 'நபர் மையப் பராமரிப்பு' என்ற மொழிபெயர்ப்பு அலுவலகத் தாள் போல இருக்கிறது. 'ஆள் பார்த்துக் கவனிப்பது' என்றாலோ பொருளே கெட்டுவிடும், வேண்டியவருக்கு ஒன்று வேண்டாதவருக்கு ஒன்று என்று ஆகும். 'ஆளறிந்த பராமரிப்பு' என்றால் சரியாக வருகிறது. இதற்கும் குறளில் இடம் உண்டு: 'உற்றான் அளவும் பிணியளவும் காலமும்' கருதிச் செய் என்கிறது 949. நோயின் அளவுக்கு முன்னால் உற்றவரின் அளவு. நோய் உற்றவரும் நம் உற்றாரும் 'உறு' என்ற ஒரே வேரில் பிறந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

என் அம்மா இனிப்புநீர் (சர்க்கரை நோய்) புண்ணோடு ஒரு மருத்துவமனையில் 11 நாள் கிடந்தார். ஷிஃப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் பாஸ் ஓவரில் அவர் "12ஆம் கட்டில், கால் புண்". பெயர் வரவே இல்லை. எனக்கு நெஞ்சு கனத்தது. ஐந்தாம் நாள் ஒரு பயிற்சித் தாதி, தமிழ்ப் பெண், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "பாட்டி, ராத்திரி ஏன் தூங்க மாட்டேங்கிறீங்க?" என்று கேட்டாள். அம்மா ராத்திரி தூங்கத்தான் செய்தார். தோட்டத்தில் விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போன பழக்கத்தில் விடியுமுன் நாலு மணிக்கே எழுந்துவிடுவார். எழுந்தவரைப் படுக்கச் சொல்லிச் சொல்லி மற்றவர்களுக்குக் கோபம். அந்தப் பெண் மேல்தாதியிடம் கேட்டுக்கொண்டு, விடியற்காலையில் அம்மாவைச் சாய்த்து உட்கார வைத்து, சீனி போடாத காப்பி ஓ, அதாவது பாலில்லாத காப்பி, கொடுத்தாள். புண்ணுக்கு மருந்து கட்டும்போது அம்மா காலை இழுத்துக்கொள்வது அன்றோடு நின்றது.

பேச்சுக்கு அவள் எடுத்துக்கொண்ட சொற்கள் தொழில்நெறி, பரிவு, ஆளறிந்த பராமரிப்பு. உழைச்செல்வாளைத் தலைப்பாக வைத்திருக்கிறாள். பிள்ளைகளுக்குப் புரியாதே என்றேன். "பக்கத்துல போய் நின்னு காட்டுறேன் மாமா" என்றாள்.