போலரைசிங் ஃபில்டர்: துருவமா, முனையா, தளமா?

கடை வாசலில் மாட்டிய கேமராவைச் சாயங்காலம் பார்த்தால் தெரியும். எதிரே நிற்கும் காரின் முன்கண்ணாடி முழுக்க வானம்தான் இருக்கும். ஓட்டுபவர் முகம் இருக்காது. மழை விட்டு வெயில் வந்தால் ஈரத் தார் ரோடு வெள்ளைத் தகடாக மாறிவிடும். இந்தக் கண்கூச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால் மாட்டுகிற கண்ணாடிதான் போலரைசிங் ஃபில்டர். இதைத் தமிழில் 'துருவப்படுத்தும் வடிகட்டி' என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. காரணம் அந்தச் சொல் பிறந்த கதையில் இருக்கிறது.

1808இல் பாரிஸில் மாலஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், லக்சம்பர்க் அரண்மனை ஜன்னல்களில் பட்டுத் திரும்பிய மாலை வெயிலை ஒரு கால்சைட் படிகத்தின் வழியே பார்த்தார். அந்தப் படிகத்தில் எதுவும் இரண்டு பிம்பமாகத்தான் தெரியும். ஆனால் படிகத்தைத் திருப்பத் திருப்ப ஒரு பிம்பம் மங்கியது, மற்றது தெளிந்தது. கண்ணாடியில் பட்டுத் திரும்பிய ஒளிக்கு ஏதோ ஒரு திசை பிடித்துவிட்டது என்று புரிந்துகொண்டார். அவர் ஒளியைத் துகள் என்று நம்பியவர். காந்தத்துக்கு இருப்பதுபோல அத்துகள்களுக்கும் முனைகள் உண்டு, அவை ஒரே பக்கமாக அணிவகுக்கின்றன என்று எண்ணி 'போலரைசேஷன்' என்று பெயர் வைத்தார். அதன் வேர், அச்சு என்று பொருள்படும் 'போலோஸ்' என்ற கிரேக்கச் சொல். பிறகு ஃபிரெனெல் என்ற பிரெஞ்சு இயற்பியலாளர், ஒளி குறுக்கலை, அதாவது போகும் திசைக்குக் குறுக்காக அதிரும் அலை என்று நிறுவினார். முனைகள் போய்விட்டன, பெயர் மட்டும் தங்கிவிட்டது.

துருவம் என்றால் நமக்கு வடதுருவம், தென்துருவம், துருவ நட்சத்திரம். அரசியலில் மக்கள் இரண்டாகப் பிரிந்து நிற்பதையும் அப்படிச் சொல்கிறோம். கேமரா முன்னால் மாட்டும் கண்ணாடி எதையும் இரு எல்லைகளுக்குத் தள்ளுவதில்லை. இலங்கையில் வழங்கும் 'முனைவாக்கம்' மாலஸின் எண்ணத்துக்கு நேரான சொல். மின்காப்புப் பொருளில் நேர்மின்னும் எதிர்மின்னும் விலகி நிற்பதற்கு அது அருமையாகப் பொருந்தும், அங்கே நிஜமாகவே இரு முனை உண்டு. ஒளிக்கு வரும்போது இடறுகிறது. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல் சொல்லும் 'தளவிளைவு' நடப்பதைச் சொல்கிறது: எல்லாப் பக்கமும் அதிர்ந்த ஒளி ஒரே தளத்தில் அதிர்வதாகிவிடுகிறது. ஆகவே என் ஓட்டு 'தளவிளைவு வடிகட்டி'க்கு. கடையில் கேட்கும்போது போலரைசர் என்றே கேளுங்கள், அதுதான் கிடைக்கும்.

இந்தக் கண்கூச்சத்தின் ஆங்கிலப் பெயரான கிளேர் என்பதற்குப் புதுச்சொல் தேட வேண்டியதே இல்லை. கண் கூசுகிறது என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். பெயர்ச்சொல்லாக வேண்டுமானால் 'கூசொளி' என்று எழுதலாம்.

வடிகட்டி என்ற சொல் இங்கே நன்றாகவே உட்காருகிறது. 1938இல் எட்வின் லேண்ட் என்ற அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பிளாஸ்டிக் படலம் ஒன்றை இழுத்து நீட்டி, அதில் அயோடின் ஏற்றினார். மூலக்கூறு இழைகள் பாவு நூல் போல ஒரே வாக்கில் படுத்துக்கொண்டன. இழையின் வாக்கில் அதிர்கிற ஒளியைப் படலம் விழுங்கும், குறுக்கே அதிர்வதை விடும். ஈர ரோட்டில் பட்டு வரும் ஒளி பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்வதால், வடிகட்டியைச் சரியாகத் திருகினால் அது மட்டும் கழிந்து ரோடு தெரியும். தண்ணீரில் இது முழுமையாக நடப்பது, செங்குத்திலிருந்து சுமார் 53 பாகை சாய்ந்து பார்க்கும்போது. 3 மீட்டர் உயரத்தில் கேமரா இருந்தால், சுமார் 4 மீட்டர் தள்ளிக் கிடக்கும் தேங்கிய நீர் அந்தக் கோணத்தில் வரும். அதற்கு முன்னும் பின்னும் பலன் குறைந்துகொண்டே போகும்.

வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். பக்கவாட்டில் நிற்கும் கடைக் கண்ணாடியின் கூசொளி செங்குத்தாக அதிர்வது. ரோட்டுக்குத் திருகி வைத்த வடிகட்டி அதை அப்படியே விட்டுவிடும். எவர்சில்வர், குரோமியப் பளபளப்பு அநேகமாக அப்படியே இருக்கும். கேமராவை ஜன்னல் கண்ணாடிக்கு நேர் பின்னால் வைத்திருந்தாலும் பயனில்லை. லென்ஸைச் சுற்றி ரப்பர் வளையம் வைத்துக் கண்ணாடியோடு ஒட்டிவிடுவதே நல்லது. அப்புறம் இரவு. வடிகட்டி பாதிக்கு மேல் வெளிச்சத்தைத் தின்றுவிடும். கேமராவின் அகச்சிவப்பு விளக்கு எரியும்போதோ, சாதாரண அயோடின் படலம் அந்த ஒளியைத் தரம் பிரிக்காது. பகலுக்கான பொருள் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் 'சர்க்குலர்' என்று போட்டிருப்பதை வட்டமான கண்ணாடி என்று படிக்க வேண்டாம். அது ஒளி அதிரும் விதத்தைக் குறிக்கிறது. எஸ்எல்ஆர் கேமராவின் ஆட்டோஃபோகஸுக்காக வந்த ஏற்பாடு அது. கண்காணிப்பு கேமராவுக்கு 'லீனியர்' எனப்படும் நேர்வகையே போதும்.

வாங்கும் முன் வீட்டிலேயே பார்த்துவிடலாம். போலரைஸ்டு கூலிங் கிளாஸ் ஒன்றை லென்ஸுக்கு முன் பிடித்து, இன்னொருவர் கைப்பேசியில் படத்தைப் பார்த்துக்கொண்டிருக்க, மெல்லத் திருப்புங்கள். காரின் பின்கண்ணாடியில் புள்ளிப் புள்ளியாகக் கறை தெரிந்தால் பயப்பட வேண்டாம், கடினமாக்கிய கண்ணாடியின் இறுக்கம் அது. ஓரிடத்தில் முன்கண்ணாடியின் வானம் பட்டென்று அடங்கும். கூலிங் கிளாஸ் அப்போது நிற்கிற சாய்வைக் குறித்துக்கொள்ளுங்கள், வடிகட்டியையும் அதே வாக்கில்தான் நிறுத்த வேண்டும்.