டீலரிடம் பிளஃப் பலிக்காது அண்ணே: ஓர் ஆடிட்டரின் புலம்பல்

போன வாரமும் ஒருத்தர் வந்தார். தேவகோட்டைப் பக்கம் ஹார்டுவேர் கடை, பேரேட்டில் பைசா விடாத ஆள். கொழும்பு கேசினோவில் சீட்டாடிவிட்டு வந்த கணக்கைக் காலண்டர் தாளின் பின்பக்கம் கோடு கிழித்து, வரவு ஒரு பக்கம் பற்று ஒரு பக்கம் எழுதி என் மேசையில் வைத்துவிட்டு, "சார், இதைக் கடை நஷ்டத்தோட சேர்த்துக் காட்டிரலாமா?" என்கிறார். முடியாது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு இந்த ஒரே கேள்விக்கு எத்தனை தரம்தான் பதில் சொல்வது? இனிமேல் யார் கேட்டாலும் இதையே அனுப்பிவிடப் போகிறேன்.

வரி அப்புறம். முதலில் அவர் என்ன ஆடினார் என்பதைப் பார்ப்போம். பெயர் த்ரீ கார்டு போக்கர். "நம்ம மூணு சீட்டுதான் சார், சின்ன வயசுலேருந்து ஆடுறது" என்றார். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். கல்யாண வீட்டுப் பட்டாலையில் விடிய விடிய ஆடிப் பழகிய கைக்கு, மேசையில் மூன்று சீட்டைப் பார்த்தவுடன் சொந்த வீட்டுக்கு வந்த மாதிரி ஒரு தைரியம் வந்துவிடுகிறது. ஆட்டம் அது இல்லை.

ஆட்டம் இதுதான். ஆன்ட்டி என்று ஒரு பந்தயம் வைக்கிறீர்கள், 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு மூன்று சீட்டு, கேசினோ சார்பில் சீட்டுப் போடுகிற டீலருக்கு மூன்று. உங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று மடித்தால் 1,000 போச்சு. ஆடுவதென்றால் இன்னொரு 1,000 வைக்க வேண்டும். டீலர் கையில் ராணியோ அதற்கு மேலோ இல்லாவிட்டால் அந்தக் கை தகுதி பெறாது: ஆன்ட்டிக்கு மட்டும் ஒன்றுக்கு ஒன்று, இரண்டாவது 1,000 சும்மா திரும்பி வரும். பத்துக்கு மூன்று தடவை இப்படித்தான் ஆகும், உங்களிடம் எவ்வளவு நல்ல கை இருந்தாலும். டீலர் தகுதி பெற்றால் யார் கை பெரிதோ அவர் இரண்டையும் எடுப்பார். சீக்வன்ஸோ (அடுத்தடுத்த மூன்று சீட்டு) அதற்கு மேலோ வந்தால் ஆன்ட்டிக்குச் சின்ன போனஸ் உண்டு. நம்மூர் ஆட்டம்போலவே கலரைவிட (மூன்றும் ஒரே ஜாதி) சீக்வன்ஸ் பெரிது, ஏனென்றால் மொத்தம் 22,100 கைகளில் சாதா சீக்வன்ஸ் 720, கலர் 1,096. ஆனால் மூணும் ஒரே சீட்டு வந்தால் அதுதான் ராஜா என்று நினைத்துவிடாதீர்கள், இங்கே ஒரே ஜாதியில் அடுத்தடுத்து வரும் பியூர் சீக்வன்ஸ் அதையும் அடிக்கும். இதுகூடத் தெரியாமல் உட்கார்ந்தவரை எனக்குத் தெரியும்.

இப்போது நீங்கள் எடுக்கிற முடிவு எத்தனை? ஒன்று. மடிக்கவா, ஆடவா. அதற்கும் கணக்குப் போட்டு விடை எழுதி வைத்தாயிற்று: ராணி-6-4 அல்லது அதற்கு மேல் இருந்தால் ஆடு, இல்லாவிட்டால் மடி. அவ்வளவுதான் மொத்தத் திறமையும். டீலர் உங்கள் முகத்தைப் பார்த்துப் பயந்து மடிக்க மாட்டார், அவருக்கு மடிக்கவே அனுமதி இல்லை. எதிரில் இருப்பவர் சம்பளத்துக்குச் சீட்டுப் போடுகிறவர், அவரை மிரட்டி என்ன ஆகப்போகிறது? முப்பது வருஷ அனுபவம், எதிராளியைப் படிக்கிற கண், சீட்டைப் பார்க்காமலே பிளைண்ட் ஆடி மிரட்டுகிற நெஞ்சழுத்தம் எல்லாம் மனிதனுக்கு எதிராக ஆடும்போதுதான். இங்கே பார்க்காமல் பிளைண்ட் ஆடினால் கேசினோவின் லாபம் ஆன்ட்டியில் ஏழரை சதவீதத்தைத் தாண்டிவிடும். ஏழரை என்பதைக் கவனியுங்கள்.

தப்பே செய்யாமல் ஆடினாலும் வழக்கமான போனஸ் பட்டியலில் அது 3.37 சதவீதம். வட்டிக் கணக்குத் தெரிந்த ஊர் நாம். மூணு வட்டி என்றால் மாசத்துக்கு என்று தெரியும், கேட்டவுடன் முகம் சுளிப்போம். இது கைக்கு மூணு வட்டி! 1,000 ரூபாய் ஆன்ட்டியில் மணிக்கு நாற்பது கை ஆடினால் சராசரியாக 1,350 ரூபாய் போகும், அதிர்ஷ்டம் நடுவில் ஏற்றி இறக்கி வேடிக்கை காட்டும், அவ்வளவே.

பக்கத்திலேயே பேர் பிளஸ் என்று ஒரு கட்டம் இருக்கும். ஜோடியோ மேலோ வந்தால் காசு, டீலரைப் பற்றிக் கவலை இல்லை. நாலில் மூன்று தடவை ஜோடிகூட வராது என்பது ஒரு பக்கம். அந்தத் துணியில் அச்சடித்திருக்கும் எண்களைப் படியுங்கள். கலருக்கு ஒன்றுக்கு 4 என்று இருந்தால் கேசினோ லாபம் 2.32 சதவீதம், மற்றதெல்லாம் அப்படியே இருக்க, அந்த 4 மட்டும் 3 ஆகியிருந்தால் 7.28. ஒரே ஒரு எண். கடைக்கு ஸ்குரூ வாங்கும்போது கிராஸுக்கு எத்தனை என்று மூன்று தடவை கேட்கிறவர் இதைப் படிக்கவில்லை.

"கோர்ட்டே போக்கரைத் திறமை விளையாட்டுன்னு சொல்லிடுச்சே" என்பார்கள். 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது ரம்மியையும் போக்கரையும் பற்றி, ஆளும் ஆளும் மோதுகிற ஆட்டங்களைப் பற்றி. கேசினோ மேசைக்கு அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் ஒட்டாதீர்கள். போனில் ஆடலாமே என்கிறவர்களுக்கு: பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையே தடை செய்து 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டாயிற்று. அதற்குப் பிறகும் ஆப் திறக்கிறது என்றால், அந்தப் பக்கம் இருப்பவன் யார் என்று யோசியுங்கள்.

சரி, வரி. ஒரு பயணத்தில் 4 லட்சம் ஜெயித்து அடுத்த பயணத்தில் 6 லட்சம் விட்டால் நமக்கு 2 லட்சம் நஷ்டம். வருமான வரிக்கு அப்படி இல்லை. அந்த 4 லட்சத்துக்கு 30 சதவீதம், செஸ் சேர்த்து 1,24,800 கட்ட வேண்டும். அடிப்படை விலக்கு கிடையாது, டிக்கெட் செலவு கழிக்க முடியாது, விட்ட 6 லட்சத்தைக் கடை வருமானத்தில் கழிக்கவே முடியாது. கொழும்பில் ஜெயித்தாலும் கோவாவில் ஜெயித்தாலும் இங்கே குடியிருப்பவருக்கு இதுதான்.

போகத்தான் போவேன் என்றால் தொலையட்டும் என்று ஒரு தொகையை ரொக்கமாக எடுத்துக்கொண்டு போங்கள், கார்டை ஹோட்டல் அறையிலேயே வையுங்கள். கடையின் ஓவர்டிராஃப்டைத் தொடாதீர்கள். வீட்டு நகையை அடகு வைத்து விட்டதைப் பிடிக்கப் போகாதீர்கள். அடுத்த கைக்கு முந்தின கை ஞாபகம் இருக்காது. தொகை எவ்வளவு என்று ஆச்சியிடம் (மனைவியிடம்தான்) சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், சொல்ல வாய் வரவில்லை என்றால் அந்தத் தொகை அதிகம்.

நிறுத்த முடியவில்லை, தூக்கம் இல்லை என்கிறவர்கள் தயவுசெய்து 14416-க்கு அடியுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல எண், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். முதலில் அங்கே பேசுங்கள், ரிட்டனை நான் பார்த்துக்கொள்கிறேன்.